ஈசிஆர் கல்யாணங்களும் இரவு பத்து மணியும்

திருவான்மியூரைத் தாண்டி மாமல்லபுரம் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையின் (ஈசிஆர்) கடல் பக்கத்தில் வரிசையாக ரிசார்ட்டுகளும் பீச் ஹவுஸ்களும் இருக்கின்றன. அவற்றுக்கு இடையிடையே மீனவக் குப்பங்கள். தை பிறந்ததிலிருந்து ஆனி வரை முகூர்த்த நாளோ வார இறுதியோ வந்தால் அந்த மணலில் எங்காவது ஒரு கல்யாணம் நடக்கும். மேடைக்குப் பின்னால் கடல், முன்னால் நாற்காலிகள், ஓரத்தில் டிஜே. இரவு பத்தரை வாக்கில் போலீஸ் கண்ட்ரோல் ரூமிலிருந்து வயர்லெஸ் மைக்கில் தகவல் வரும்: கல்யாணத்தில் ஸ்பீக்கர் சத்தம், போய்ப் பாருங்கள்.

நான் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். பணியின் கடைசிப் பகுதி இந்தச் சாலையை ஒட்டிய காவல் நிலையங்களில், பெரும்பாலும் இரவு ரோந்தில் கழிந்தது. சத்தப் புகாரைச் சில்லறை விவகாரமாக நினைப்பவர்கள் நிறைய. துறைக்குள்ளேயே அந்த எண்ணம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஒழுங்காகக் கையாண்டால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடுகிற விஷயம், தட்டிக் கழித்தால் அடிதடி வழக்காக விடிகிறது.

அப்படி விடிந்த ஓர் இரவைச் சொல்கிறேன். ஒரு பங்குனி மாதம். பத்து மணியிலிருந்து குப்பத்துக்காரர்கள் மாற்றி மாற்றி நூறுக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். ரோந்து வண்டி ஒரு விபத்தில் மாட்டிக்கொண்டது. அந்த ரிசார்ட் எந்த ஸ்டேஷன் எல்லையில் வருகிறது என்ற கேள்வியிலும் நேரம் போனது. பன்னிரண்டு மணிக்குக் குப்பத்துப் பையன்கள் ரிசார்ட் கேட்டுக்கே போய்விட்டார்கள். உள்ளிருந்து குடித்த நிலையில் மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்தார்கள். வாக்குவாதம், தள்ளுமுள்ளு, ஒருவருக்கு மண்டை உடைந்தது. இரு தரப்பிலும் வழக்கு. காலையில் தாலி ஏற வேண்டிய பெண், கையில் மருதாணியோடு ஆஸ்பத்திரி வாசலில் தன் அண்ணனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பத்தே காலுக்கு ஒரு காவலர் அங்கே போய் நின்றிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

யார் அழைக்கிறார்கள் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். குப்பத்தில் எட்டு மணிக்கே பாதிப் பேர் படுத்துவிடுவார்கள். விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்குப் படகு இறக்க வேண்டும். தூங்காத கண்ணோடு, இருட்டில், அலை உடைகிற இடத்தைத் தாண்டி ஃபைபர் படகை ஓட்டுவது உயிர் போகிற வேலை. ஒரு அம்மா என்னிடம் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. "எம்புள்ள ரெண்டு மணிக்குக் கடலுக்குப் போவணும் சார். தூக்கக் கலக்கத்துல ஏதாவது ஆயிட்டா யாரு சார் பொறுப்பு?" இதற்கு ஒரு ஈவென்ட் மேனேஜர் சொன்ன பதில்: இப்போது தடைக்காலம்தானே, யாரும் கடலுக்குப் போக மாட்டார்களே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்தத் தடை விசைப்படகுகளுக்கானது. குப்பத்து ஃபைபர் படகுகளும் கட்டுமரங்களும் அப்போதும் கரையோரமாகப் போய் வந்துகொண்டுதான் இருக்கும். இடத்தை வாடகைக்கு எடுப்பவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப் பிழைக்கிறார் என்பதே தெரிவதில்லை.

மார்ச் மாதம் இன்னும் மோசம். பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கும் நேரமும் கல்யாண சீசனும் ஒன்றாக வரும். அப்போது பெற்றோர் அழைப்பார்கள். பிள்ளைகளே அழைத்ததும் உண்டு, தயங்கித் தயங்கி, ஏதோ தப்புச் செய்கிற மாதிரி.

இரவு பத்து மணிக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் கதையைப் புதிதாக வரும் காவலர்களிடம் நான் கட்டாயம் சொல்வேன். உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று ஒலி மாசு பற்றிப் பெரிய தீர்ப்பு ஒன்றைத் தந்தது. 1998-ல் ஒரு பொறியாளர் போட்ட பொதுநல வழக்கில் தொடங்கியது அது. அந்த மனுவுக்குக் காரணம் 13 வயதுச் சிறுமி ஒருத்திக்கு நேர்ந்த பாலியல் கொடுமை. உதவி கேட்டு அவள் அலறியிருக்கிறாள். பக்கத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. பின்னர் அவள் தீவைத்துக்கொண்டு இறந்துபோனாள். கடற்கரையில் வேலை பார்த்தவனுக்கு இது இன்னும் நெருக்கமாகப் புரியும். இரவில் தண்ணீரில் இறங்கி மாட்டிக்கொள்பவர் போடும் கூச்சலும் டிஜே ஓடும்போது கரைக்கு வராது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 என்ற மத்திய அரசின் விதிகள்தான் அடிப்படை. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை, மூடிய அரங்கத்துக்குள் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி வைப்பதைத் தவிர, ஒலிபெருக்கியோ இசைக் கருவியோ பயன்படுத்தக் கூடாது. பொது அவசர நிலைக்கு மட்டும் விலக்கு. பகல் நேரத்திலும் அளவு உண்டு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதிப் பகுதி என்றால் 50, 40.

இதில் களத்துக்குப் போகும் காவலர் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஸ்பீக்கர் ஓடினாலே மீறல். டெசிபல் மீட்டர் தேவையில்லை. "உங்ககிட்ட மீட்டர் இருக்கா? எவ்வளவு டெசிபல்னு காட்டுங்க" என்று சட்டம் படித்த விருந்தினர் யாராவது மடக்குவார். மீட்டர் வேண்டியது பகல் நேர அளவுப் புகாருக்கு. இரவுக்குக் கடிகாரம் போதும். இது தெரியாமல் கைப்பேசிச் செயலியில் டெசிபல் பார்த்து, அது தரம் பார்க்கப்பட்ட கருவியே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாட, பேச்சு திசைமாறிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் சில வாதங்கள் வழக்கமாக வரும். "இது எங்க சொந்த இடம், தனியார் நிலம்." புல்வெளியும் மணலும் யாருடையதாக இருந்தாலும் அது மூடிய அரங்கம் ஆகாது. மேலே பந்தல் துணி கட்டினாலும் ஆகாது. "பன்னிரண்டு வரைக்கும் அனுமதி தரலாம்னு ரூல் இருக்கே." இருக்கிறது. மாநில அரசு வருடத்தில் மொத்தம் 15 நாட்களுக்கு மிகாமல், கலாச்சார, சமய விழாக்களுக்காகப் பத்திலிருந்து பன்னிரண்டு வரை தளர்வு தரலாம். உங்கள் வீட்டு சங்கீத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. "ஸ்பீக்கரை நிறுத்திட்டோம், இது வெறும் செண்டை மேளம்தான்." இசைக் கருவியும் அந்த விதிக்குள் வருகிறது என்று சொல்லிவிட வேண்டும். நேரடிச் செண்டை சில சமயம் ஸ்பீக்கரை விட மோசம்.

இப்போது இடத்துக்குப் போகிற முறை. ரோந்து வண்டியைச் சைரன் இல்லாமல் கேட்டுக்கு வெளியே நிறுத்துவோம். உள்ளே இருப்பவர்கள் குற்றவாளிகள் இல்லை, வாழ்நாள் சேமிப்பைப் போட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்கிறவர்கள். பாதி விருந்தினர் முன்னால் காக்கிச்சட்டை மேடையேறினால் அந்தக் குடும்பத்துக்கு அது ஆயுசுக்கும் மறக்காத அவமானம். அதனால் முதலில் ரிசார்ட் மேனேஜரை வெளியே அழைப்போம். அடுத்து நேராக மிக்ஸருக்குப் பின்னால் நிற்கிற ஆபரேட்டரிடம். பெண்ணின் அப்பாவிடம் பேசுவது மூன்றாவதாகத்தான், அதுவும் தனியாக, ஓரமாக. "சார், உங்க பொண்ணு நல்லா இருக்கணும். மணி பத்தைத் தாண்டிடுச்சு, இதோட நிறுத்திக்கலாம்" என்று சொன்னால் பத்தில் எட்டுப் பேர் கேட்டுக்கொள்வார்கள். அவருக்கே பெரும்பாலும் களைப்பாகத்தான் இருக்கும். ஆட்டம் போடுவது நண்பர்கள் கூட்டம்.

"குறைங்க" என்று சொல்லவே கூடாது. இது என் உறுதியான கருத்து. குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள். வண்டி திரும்பி ஈசிஆர் ஏறுவதற்குள் மறுபடி ஏறும். பிறகு மறு அழைப்பு, மறு பயணம், மூன்றாவது தடவை போகும்போது போலீஸுக்கும் கோபம், குடும்பத்துக்கும் கோபம், புகார் செய்தவருக்கோ நம்பிக்கையே போயிருக்கும். பத்து மணிக்கு மேல் வெளியில் ஓடும் ஸ்பீக்கருக்குக் "குறைவான சத்தம்" என்று சட்டத்தில் ஒரு அளவு கிடையாது. நிறுத்தம்தான். கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அது முடிகிற வரை நிற்கலாம், அதில் தப்பில்லை. அப்புறம் ஆம்ப்ளிஃபயர் அணைந்து, ஆபரேட்டர் கேபிளைச் சுருட்டத் தொடங்குகிற வரை அங்கேயே நிற்க வேண்டும். கேபிள் சுருட்டினால் அன்றைக்கு வேலை முடிந்தது. மறுபடி மாட்டுவதற்கு யாருக்கும் தெம்பு இருக்காது.

அந்த ஆபரேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாத் தரப்பும் அவர் தலையில்தான் ஏறும். நிறுத்தினால் பேசிய பணத்தில் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். நிறுத்தாவிட்டால் போலீஸ் செட்டைத் தூக்கும். விதிமீறலுக்குப் பயன்பட்ட கருவிகளைப் பறிமுதல் செய்ய வழி வகுக்கச் சொல்லி அந்த 2005 தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆனால் செட் பறிமுதலானால் நஷ்டம் கல்யாண வீட்டுக்கு இல்லை, கடன் வாங்கி ஸ்பீக்கர் வாங்கிய மைக் செட்காரருக்கு. அதனால் நான் குடும்பத்தாரை வைத்துக்கொண்டே அவரிடம் சொல்வேன்: "தம்பி, நிறுத்தச் சொன்னது நான். பணத்தை யாராவது பிடிச்சா ஸ்டேஷனுக்கு வந்து என்னைப் பாரு." இந்த ஒரு வார்த்தை அவருக்கு எவ்வளவு தைரியம் தரும் என்பது அந்த முகத்தைப் பார்த்தால் தெரியும். அடுத்த கல்யாணத்தில் ஒன்பதே முக்காலுக்கு அவரே மைக்கில் "கடைசிப் பாட்டு" என்று அறிவிப்பார்.

அபராதத்தை நம்பிப் பிரயோஜனம் இல்லை. பொதுத் தொல்லைக்குப் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 292-ன் கீழ் அதிகபட்சம் 1,000 ரூபாய். லட்சக் கணக்கில் பூ அலங்காரம் செய்த இடத்தில் அது ஒன்றுமே இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை போகலாம், ஆனால் அது அன்றிரவு ஸ்பாட்டில் நடக்கிற காரியமில்லை. அன்றிரவு நம் கையில் இருப்பது நிறுத்துவது, பறிமுதல், அப்புறம் அந்த ரிசார்ட்டின் அடுத்த மைக் பெர்மிஷன் மனு. மூன்றாவதுதான் ரிசார்ட்காரரை உண்மையாகவே யோசிக்க வைக்கும். ஒவ்வொரு மீறலையும் ஜிடியில், அதாவது ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில், நேரத்தோடு எழுதி வைத்தால், அடுத்த மனு மேலதிகாரி மேஜைக்குப் போகும்போது கூடவே அதுவும் போகும். எழுதாத மீறல் நடக்காத மீறல்தான்.

மேலிடத்துப் போன் வரும். வராத கல்யாணம் குறைவு. யாரோ ஒருவர் கைப்பேசியை நீட்டுவார், "லைன்ல இருக்காங்க, பேசுங்க." வாங்கிப் பேசுவேன், மரியாதையாக. "ஐயா, நூறுக்குப் புகார் வந்து பதிவாகியிருக்கு. நான் வந்ததையும் பார்த்ததையும் ஜிடியில் எழுதணும். தாங்கள் பேசினதையும் எழுதிக்கட்டுமா?" இதற்கு மேல் பேச்சு நீண்டதே இல்லை. கண்ட்ரோல் ரூம் அழைப்புக்குப் பதிவு இருப்பது காவலருக்குத்தான் பெரிய பாதுகாப்பு. அதனாலேயே ஸ்டேஷன் லேண்ட்லைனுக்கு அழைப்பவர்களிடம் 100-லோ 112-லோ சொல்லுங்கள் என்பேன்.

சாப்பாடு இன்னொரு விஷயம். "வந்தது வந்தீங்க, இலையில உட்காருங்க சார்" என்பார்கள். நம் ஊரில் அது அன்பு, சந்தேகமில்லை. ஆனால் சத்தப் புகாரில் போனவர் உட்காரக் கூடாது. பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர் மைக்கை நிறுத்தச் சொல்ல முடியாது, சொன்னாலும் யாரும் மதிக்க மாட்டார்கள். குப்பத்திலிருந்து மதில் மேல் எட்டிப் பார்க்கும் கண்களும் உண்டு. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிடுவோம்.

அடுத்ததை அழுத்தியே சொல்ல வேண்டும். புகார் செய்தது யார் என்று வெளியே தெரியக் கூடாது. சில இடங்களில் இரவு வேளையில் புகார்தாரரையே ஸ்பாட்டுக்கு வரச் சொல்கிறார்கள், எதிர்த்தரப்பு முன்னாலேயே அவருக்குப் போன் போடுகிறார்கள். அந்தக் குப்பத்துப் பெண் அதே ரிசார்ட்டில் பாத்திரம் கழுவும் வேலை பார்ப்பவராக இருக்கலாம். மறுநாள் வேலை போகும். அழைத்தவரின் பெயரைக் கேட்காமலேயே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் அங்குள்ள காவல் துறைக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவு நம் மாநிலத்துக்கு இல்லை என்றாலும் அதில் உள்ள நியாயம் எங்கும் ஒன்றுதான். நாங்கள் கேட்டில் "ரோந்தில் வந்தோம், சத்தம் கேட்டது" என்றுதான் சொல்வோம். உண்மையும் அதுதான், சாலையிலிருந்தே கேட்கும். வேலை முடிந்ததும் வண்டியில் உட்கார்ந்து புகார்தாரரை அழைத்து "நின்னுடுச்சாம்மா?" என்று கேட்பது என் வழக்கம். அந்த ஒரு அழைப்பால் அடுத்த தடவை அவர்கள் கேட்டுக்குக் கூட்டமாகப் போகாமல் எங்களைக் கூப்பிடுவார்கள்.

இவ்வளவும் பத்து மணிக்கு மேல் நடப்பவை. என் அனுபவத்தில் இந்தப் புகாரைத் தீர்க்க நல்ல நேரம் மாலை ஆறு மணி. மைக் பெர்மிஷன் வாங்கியிருக்கிற இடங்களின் பட்டியல் ஸ்டேஷனில் இருக்கும். அனுமதி தருவது டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி என்றாலும் மனு நம் வழியாகத்தான் போகிறது. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பீட் காவலர் ஒருவர் மாலையில் ஒரு சுற்று போய் வந்தால் போதும். பார்க்க வேண்டியது ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சவுண்ட் இன்ஜினியர். எல்லோருக்கும் போட்டோவில் பின்னணியாகக் கடல் வேண்டும். அதனால் மேடையைக் கிழக்கே, தண்ணீர்ப் பக்கம் போடுகிறார்கள். மேடையின் இரு பக்கமும் ஸ்பீக்கர். அது மேற்கே, நேராகக் குப்பத்தையும் சாலையையும் பார்த்துப் பாடுகிறது. மாலையில் கடற்காற்றும் கிழக்கிலிருந்து அதே திசையில் வீசும். காற்று போகும் திசையில் ஒலி மேலே சிதறாமல் தரையை நோக்கி வளைந்து வெகுதூரம் போகும் என்றார் அவர். கணக்கும் போட்டுக் காட்டினார். ஸ்பீக்கரிலிருந்து ஐந்து மீட்டரில் 100 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் 94, 20-ல் 88, 40-ல் 82, 80-ல் 76, 160 மீட்டரில் 70. குப்பத்தின் முதல் வரிசை வீடுகள் பல இடங்களில் அதைவிடக் கிட்டத்தில் இருக்கின்றன. பகலுக்கே அங்கே 55 தான் அளவு. ஆக, பத்து மணிக்கு முன்னாலும் நிலைமை சரியாக இல்லை.

அவர் சொன்ன தீர்வு எளிமையானது. மேடை கடல் பக்கமே இருக்கட்டும், போட்டோ கெடாது. ஸ்பீக்கரை மட்டும் நிலப் பக்க ஓரத்தில் வைத்துக் கடலைப் பார்க்கத் திருப்புங்கள். ஒரே பெரிய ஜோடிக்குப் பதில் சிறிய ஸ்பீக்கர்களை ஆட்டம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பரப்பி வைத்தால், உள்ளே நன்றாகக் கேட்கும், வெளியே போவது குறையும். அப்புறம் சப்ஊஃபர். அந்த "தும் தும்" ஒலிதான் சுவரைத் தாண்டி வருவது. அது எல்லாப் பக்கமும் பரவும், திருப்பி வைத்தால் மட்டும் தீராது. சப்பைக் குறைத்தால் முக்கால்வாசிப் புகார் குறைந்துவிடும் என்றார். பின்பக்கம் ஒலி போகாதபடி சப்புகளை அடுக்கும் முறையும் உண்டாம், விவரம் தெரிந்த ஆபரேட்டர்கள் செய்வார்கள். இதை நான் ரிசார்ட் மேனேஜர்களிடம் சொல்லத் தொடங்கிய பிறகு எங்கள் எல்லையில் அழைப்புகள் நன்றாகவே குறைந்தன. போலீஸ் எதற்கு ஸ்பீக்கர் திசையெல்லாம் பேசுகிறது என்று சிரித்தவர்களும் உண்டு. நான் கவலைப்படவில்லை.

தை முதல் பங்குனி வரை இன்னொரு காரணமும் சேர்கிறது. பங்குனி ஆமைகள் என்ற கடலாமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு ஏறும் காலம் அது. குஞ்சுகள் பொரித்து வெளியே வரும்போது வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே நகரும். கடல் பக்கம் இருட்டாகவும் ரிசார்ட் பக்கம் ஃபோகஸ் லைட்டுமாக இருந்தால் அவை சாலைக்குத்தான் வரும். நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கும் மாணவர்கள் 1988 முதல் இதைச் செய்து வருகிறார்கள். பாட்டு நிற்கும்போதே மணலைப் பார்க்கும் விளக்குகளையும் அணைக்கச் சொல்லிவிடுவது என் வழக்கமாக இருந்தது.

குப்பத்துக்கு மட்டும் சாதகமாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆடி மாதம் எதிர்ப் பக்கத்திலிருந்து புகார் வரும். அம்மன் கோயிலில் விடியற்காலை நான்கரைக்கே கூம்பு ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டால், ரிசார்ட்டில் தங்கியவர்கள் அழைப்பார்கள். கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடையே இருக்கிறது. அப்போது கோயில் நிர்வாகிகளிடம் போய், அதே மரியாதையோடு, அதே விதியைத்தான் சொன்னோம். கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர்தான் சொன்னார்: "கல்யாணத்துல நிறுத்த வந்தாரில்ல, இப்ப நமக்கும் சொல்றாரு. ஆறு மணிக்கு மேல போடுங்கப்பா." ஒரு தரப்புக்கு ஒரு கடிகாரம் வைத்திருந்தால் அவர் அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

அதிகாலை முகூர்த்தமும் இதே சிக்கல்தான். நாலரை – ஆறு முகூர்த்தம் என்றால் நாதஸ்வரம் ஆறு மணிக்கு முன்னாலேயே ஒலிக்கும். விதிப்படி திறந்த மணலில் அதுவும் கூடாது. கெட்டிமேளம் வேண்டாம் என்று எந்தக் காவலரும் சொல்லப் போவதில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் அந்த நாதஸ்வரத்துக்கு மைக் வைத்து நான்கு ஸ்பீக்கரில் விடுவது தேவையா? தாலி கட்டுவதை உள்ளரங்கில் வைத்து, விடிந்த பிறகு மாலை மாற்றுவது, ஊஞ்சல் எல்லாவற்றையும் கடற்கரையில் வைத்துக்கொண்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வெளிச்சத்தில் படமும் நன்றாக வந்தது என்றார்கள்.

கல்யாணம் வைக்கிறவர்களுக்கு: இடத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன், பத்து மணிக்குப் பிறகு ஆட்டத்தைத் தொடர மூடிய ஹால் அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். "பன்னிரண்டு வரைக்கும் பிரச்சினையில்லை, ஸ்டேஷன்ல பேசிக்கலாம்" என்று மேனேஜர் சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். தர மாட்டார். மைக் பெர்மிஷன் யார் வாங்குவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். நிகழ்ச்சி நிரலை ஏழு மணிக்கு ஆட்டம், ஒன்பதுக்குச் சாப்பாடு என்று போடுங்கள். நம் கல்யாணங்களில் எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப் போகும், எட்டரைக்கு டிஜே என்று போட்டால் பத்துக்குத்தான் தொடங்கும். ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்து ஆடவிடும் ஏற்பாடும் இப்போது கிடைக்கிறது. மாலையில் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒரு தட்டு இனிப்போடு குப்பத்துக்குப் போய் "பத்து மணிக்கு நிறுத்திடுவோம்" என்று சொல்லிவிட்டு வந்தால் இன்னும் நல்லது. சொன்னபடி நிறுத்தவும் வேண்டும்.

புகார் செய்கிறவர்களுக்கு: நீங்களே கேட்டுக்குப் போகாதீர்கள். குடித்திருப்பவர்களோடு இரவில் பேசி ஒன்றும் ஆகாது. அழைக்கும்போது ரிசார்ட் பெயர், எந்தத் தெரு வழியாக வர வேண்டும், திறந்த வெளியா ஹாலா, மணி என்ன, இவ்வளவும் சொன்னால் போதும். ஈசிஆரில் ஒரு பகுதி சென்னை மாநகரக் காவல், அடுத்தது தாம்பரம் ஆணையரகம், மாமல்லபுரம் பக்கம் செங்கல்பட்டு மாவட்டக் காவல். எந்த எல்லை என்று நீங்கள் தேட வேண்டியதில்லை, அதைக் கண்ட்ரோல் ரூம் பார்க்கும். நேரம் தெரியும்படி உங்கள் வீட்டிலிருந்தே ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். ஒரே இடத்தில் வாராவாரம் நடந்தால் பகலில் ஸ்டேஷனுக்குப் போய் எழுத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள், பல குடும்பங்கள் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் கோட்டாட்சியரிடம் போகலாம், பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு.

இன்றைக்கு என்னிடம் கேட்டால் ரிசார்ட்டை விட வாடகை பீச் ஹவுஸ்தான் பெரிய தலைவலி. பனையூர், உத்தண்டி, கானத்தூர் பக்கம் ஒரு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் பார்ட்டியும் ஹல்தி என்ற மஞ்சள் பூசும் சடங்கும் அங்கே நடக்கும். மேனேஜர் கிடையாது. வாட்ச்மேன் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் வெளிமாநிலத்துக்காரர், வீட்டுக்காரர் எண் கூட அவரிடம் இருக்காது. உள்ளே இருப்பவர்களோ இருபத்தைந்து வயதுக்காரர்கள், யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். மைக் பெர்மிஷன் என்ற பேச்சே கிடையாது. எங்கள் ஸ்டேஷனில் கடைசியாக ஒரு ஏற்பாடு செய்தோம். அந்த வீடுகளின் உரிமையாளர் எண்களை ஸ்டேஷன் எழுத்தரான ரைட்டர் ஒரு நோட்டில் சேகரித்தார். இரவில் புகார் வந்தால் முதலில் உரிமையாளரையே எழுப்புவோம். அமெரிக்காவில் இருந்தாலும் சரி, அடையாறில் இருந்தாலும் சரி. தன் வீட்டுக்குப் போலீஸ் வந்திருக்கிறது என்று கேட்டதும் அவரே வாடகைக்கு எடுத்தவரை அழைத்து நிறுத்தச் சொல்லிவிடுவார். மாற்றலாகி வரும் அதிகாரி எவரும் அந்த நோட்டைத் தொடர்ந்தால் போதும். எண்கள் மாறிக்கொண்டே இருக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும்.